டாஃப்னியின் விருந்தாளிகள்

பிப்ரவரி போய் மார்ச் பிறக்கும் நேரம். ஜெர்மனியில், சுண்ணாம்புப் பாறைமேல் வளர்ந்த ஒரு பீச் மரக்காடு. மரங்கள் எல்லாம் மொட்டையாக நிற்கின்றன. வெயில் படாத பள்ளங்களில் பனி இன்னும் கிடக்கிறது. உள்ளே நடந்து போகிறவரை ஒரு வாசனை வழிமறிக்கிறது. பூ எங்கே என்று தேடினால் உடனே கண்ணில் படுவதில்லை. இடுப்பளவு உயரத்தில், பேருக்குக்கூட ஓர் இலை இல்லாமல், வெறும் குச்சிகளாக ஒரு புதர். பலா தன் அடிமரத்திலேயே காய்ப்பதுபோல, அந்தக் குச்சிகளின் தோலோடு ஒட்டிக்கொண்டு இளஞ்சிவப்புப் பூக்கள்.

அந்தப் புதரின் அறிவியல் பெயர் டாஃப்னி மெசெரியம். நான்கைந்து மாதம் கழித்து, ஜூலை வாக்கில் அதே இடத்துக்குப் போனால் பூ இருந்த இடமெல்லாம் மணி மணியாகச் சிவப்புப் பழங்கள். பார்த்தால் எந்தக் குழந்தையும் கையை நீட்டும். ஒன்றைக் கடித்தால் முதலில் பெரிதாக ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் உதடும் நாக்கும் தொண்டையும் எரியத் தொடங்கும். வாய் வீங்கும், எச்சில் ஊறி வழியும், விழுங்க முடியாது. தாகம் அடங்காது. பிறகு வயிற்றுவலி, வாந்தி, ரத்தம் கலந்த பேதி. நிறையத் தின்றிருந்தால் சிறுநீரகம் வரை போகும், உயிரும் போகலாம்.

மணம் காட்டி அழைத்த செடி, பழம் நீட்டியபின் வாயைப் பொசுக்கி விரட்டுகிறது. இது நமக்குப் புரியாத நடத்தையாகத் தெரிகிறது. அந்த மணமும் நமக்காக இல்லை, அந்தப் பழமும் நமக்காக இல்லை என்று வைத்துக்கொண்டு பார்த்தால் எல்லாம் பொருந்தி வருகிறது. டாஃப்னி தன் வீட்டுக்கு வரவேண்டியவர்கள் யார் என்பதில் மிகவும் கறாரான செடி. மகரந்தத்துக்கு ஒரு கூட்டம், விதைக்கு இன்னொரு கூட்டம். அந்த இரண்டு பட்டியலிலும் நம் பெயர் இல்லை.

மணத்தில் தொடங்குவோம்.

குளிர்காலக் கடைசியில் பூப்பதில் ஒரு லாபமும் ஒரு நஷ்டமும் உண்டு. போட்டிக்கு வேறு பூக்கள் இல்லை என்பது லாபம். பூவைத் தேடி வர ஆளும் அதிகம் இல்லை என்பது நஷ்டம். வெயில் எட்டிப் பார்க்கும் சில மணி நேரத்தில்தான் தேனீக்கள் கூட்டை விட்டு வெளியே வரும். குளிர் முழுவதும் ஐவி இலைகளுக்கு அடியில் பட்டாம்பூச்சியாகவே ஒடுங்கிக் கிடந்த எலுமிச்சை மஞ்சள் நிற பிரிம்ஸ்டோன் பட்டாம்பூச்சிகள் சிறகை விரிக்கும். அந்த ஒருசில விருந்தாளிகளுக்கு, காடு முழுக்கத் தேடாமல் நேரே வந்து சேர வழி சொல்ல வேண்டும். அதற்குத்தான் அவ்வளவு மணம்.

மெசெரியம் பூவின் மணத்தில் முதன்மையானது லினலூல் என்ற சேர்மம். பெயர் புதிதாக இருந்தாலும் பொருள் நமக்குப் பழக்கமானது. கொத்தமல்லி விதையைக் கையால் கசக்கினால் எழும் வாசனையில் பாதிக்கு மேல் லினலூல்தான். மல்லிகைப் பூவின் மணத்திலும் அது கலந்திருக்கிறது. ரசத்துக்கு வறுக்கும் விதையையும் கூந்தலில் சூடும் பூவையும் நாம் 'மல்லி' என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். வேதியியல் தெரிந்து வைத்த பெயர் இல்லை. ஆனாலும் இந்த ஒற்றுமையைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது.

இன்னொரு சங்கதி. நாம் பூவிதழ் என்று நினைப்பது இந்தச் செடியில் இதழே இல்லை. டாஃப்னிக்கு அல்லி இதழ்கள் கிடையாது. மொட்டைப் பொதிந்து காக்க வேண்டிய புல்லி வட்டமே நீண்டு குழலாகி, நுனியில் நான்காகப் பிளந்து, நிறம் ஏறிப் பூவாக வேடம் கட்டியிருக்கிறது. குழலின் உள்ளே இரண்டு அடுக்காக எட்டு மகரந்தத் தாள்கள். அடியில் தேன். நீண்ட நாக்கு உள்ளவருக்குத்தான் அது எட்டும். இங்கேயே முதல் வடிகட்டல் நடந்துவிடுகிறது.

டாஃப்னி என்ற பெயர் கிரேக்கக் கதையிலிருந்து வந்தது. துரத்தி வந்த அப்பல்லோவிடமிருந்து தப்பிக்க மரமாகிவிட்ட நதிமகளின் பெயர் அது. அவள் ஆன மரம் இது இல்லை. அது லாரல், பிரியாணி இலைக்கு ஐரோப்பாவில் சொந்தக்காரன். கிரேக்க மொழியில் டாஃப்னி என்றாலே லாரல் மரம்தான். இந்தப் பேரினத்தின் சில செடிகளுக்கு இலை லாரல் போலவே இருப்பதால் பெயர் கைமாறியது. 1753-இல் லின்னேயஸ் தன் தாவர நூலில் அதை நிலைநிறுத்திவிட்டார். மெசெரியம் என்ற பின்பாதி பாரசீகத்திலும் அரபியிலும் வழங்கிய 'மாசரியூன்' என்ற மருந்துச் சொல்லின் மருவல். ஆக, செடியின் பெயரில் பாதி கிரேக்கக் கதை, பாதி பாரசீக வைத்தியம்.

வட ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பா, மேற்கு ஆசியா, இமயமலை, சீனம், ஜப்பான் வரை இந்தப் பேரினத்தில் ஏறத்தாழ 90 இனங்கள் பரவியிருக்கின்றன. தமிழ்நாட்டுக் காடுகளில் டாஃப்னி இல்லை. ஆனால் அதன் குடும்பம் நமக்கு அந்நியம் இல்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த லாசியோசிஃபன் என்ற மஞ்சள் பூப் புதர் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிறது; அதன் பட்டையை நசுக்கி நீரில் கலக்கி மீனை மயக்கிப் பிடிப்பது மலைவாழ் மக்கள் அறிந்த முறை. குடும்பத்தின் இன்னொரு உறுப்பினரைச் சொன்னால் வியப்பாக இருக்கும். அது அகில்.

அகிலின் தாவரப் பெயர் அக்விலேரியா. அந்தப் பெயரே நம்மிடமிருந்து போனதுதான். தென்னிந்தியக் கரையில் அகில் என்ற சொல்லைக் கேட்ட போர்ச்சுகீசியர் அதை 'ஆகிலா' என்று சொல்ல, அது அவர்கள் மொழியில் கழுகைக் குறிக்கும் சொல் போலக் காதில் விழுந்தது. அதிலிருந்து ஐரோப்பியர் அதைக் 'கழுகு மரம்' ஆக்கினார்கள், லத்தீனிலும் கழுகே நிலைத்தது. பழந்தமிழ்ப் பெண்கள் கூந்தலுக்குப் புகையூட்டிய கட்டையின் பெயர் இப்படித்தான் பறவையாகிவிட்டது.

அகிலுக்கும் டாஃப்னிக்கும் உள்ள உறவைத் தாவரவியலாளர்கள் சொல்வதற்கு நெடுங்காலம் முன்பே ஜப்பானியர் மூக்கால் உணர்ந்துவிட்டார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. டாஃப்னி ஒடோரா என்ற இனத்துக்கு ஜப்பானில் ஜின்சோகே என்று பெயர். முதல் எழுத்து அகிலைக் குறிக்கும் சொல்லிலிருந்து, அடுத்தது கிராம்பிலிருந்து, கடைசி எழுத்து பூ. மணம் அகில் போல, பூவின் வடிவம் கிராம்பு போல. இரண்டும் கப்பலேறி வந்த விலையுயர்ந்த சரக்குகள். அவற்றின் பெயரை ஒரு வீட்டு வேலிச் செடிக்குச் சூட்டியிருக்கிறார்கள் என்றால் அந்த மணம் அவர்களை எவ்வளவு ஆட்கொண்டிருக்க வேண்டும்! இளவேனிலுக்கு ஜின்சோகே, கோடைக்குக் குசினாஷி, இலையுதிர்காலத்துக்குக் கின்மோகுசெய் என்று மணத்தால் மூன்று பருவத்தை அங்கே எண்ணுவார்கள்.

இந்தச் செடி சீனத்திலிருந்துதான் ஜப்பானுக்குப் போனது. சீனத்தில் இதற்கு ஒரு கதை உண்டு. லூஷான் மலையில் ஒரு பௌத்தத் துறவி பகலில் பாறைமேல் கண்ணயர்ந்தார். உறக்கத்திலேயே ஒரு மணம் அவரைத் தொட்டது. எழுந்து தேடிப் போய் இந்தப் புதரைக் கண்டு 'உறக்க மணம்' என்று பெயரிட்டார். பிறகு மற்றவர்கள் அதை நல்ல சகுனமாக எண்ணி 'மங்கல மணம்' என்று மாற்றினார்கள். சீன ஒலியில் இரண்டு பெயருக்கும் சிறு வித்தியாசம்தான்.

ஜப்பானியத் தோட்டங்களில் ஜின்சோகே காய்ப்பது மிக அரிது. அங்கே உள்ளவை பெரும்பாலும் ஆண் செடிகள். குச்சியை வெட்டி நட்டு, அதிலிருந்து வெட்டி இன்னொன்றை நட்டு, தலைமுறை தலைமுறையாக அப்படியே பெருக்கி வந்திருக்கிறார்கள். அதனால் அங்கே பூ மட்டும் தெரியும், பழம் தெரியாது. செடியின் பட்டையிலும் சாற்றிலும் நஞ்சு இருக்கத்தான் செய்கிறது. கிளை நறுக்குகிறவர்கள் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

இப்போது அந்த நஞ்சின் உள்ளே போவோம்.

மெசெரியத்தின் விதையில் உள்ள முக்கிய நஞ்சு மெசெரீன். பட்டையில் உள்ளது டாஃப்னிடாக்சின். இரண்டின் வேதி அமைப்பும் 1970-இல் வெளியானது. மூன்று கரிம வளையங்கள் ஒன்றோடொன்று பிணைந்த ஒரு சட்டகம். அதன்மேல் உயிர்வளி அணுக்கள் முள்போல நீட்டிக்கொண்டிருக்கும். இந்தச் சட்டகத்துக்கே டாஃப்னேன் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இது உடலில் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, செல்லுக்குள் இருக்கும் ஒரு நொதியைப் பற்றித் தெரிய வேண்டும். புரோட்டீன் கைனேஸ் சி என்பது அதன் பெயர். ஜப்பானின் கோபே நகரில் யாசுதோமி நிஷிசூகாவின் குழு 1970களின் பிற்பகுதியில் கண்டறிந்தது. வெளியிலிருந்து ஒரு சேதி வரும்போது செல்லின் சவ்வில் டையசில்கிளிசரால் என்ற சிறு மூலக்கூறு பிறக்கும். அது போய்த் தட்டினால் இந்த நொதி விழிக்கும். வளர், பிரி, அழற்சியைத் தொடங்கு என்று அடுத்தடுத்த ஆணைகள் கிளம்பும். தட்டிய மூலக்கூறு சில நொடிகளில் சிதைந்துவிடும், நொதி மறுபடி ஓயும். வாசல் மணியை ஒருவர் அழுத்திவிட்டுக் கையை எடுப்பது போல. மெசெரீனும் அதே மணியை அழுத்தும், ஆனால் கையை எடுக்காது. செல்லால் அதை எளிதில் சிதைக்க முடியாது. மணி விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். நாக்கு வீங்குவதும் தோல் கொப்பளிப்பதும் குடல் புண்ணாவதும் அந்த ஓயாத சேதியின் விளைவு.

1975-இல் மாரிஸ் குப்சனும் உடன் ஆய்வாளர் ஒருவரும் 'சயின்ஸ்' இதழில் ஒரு செய்தியைச் சொன்னார்கள். மெசெரீன் எலிகளில் ரத்தப்புற்றை எதிர்க்கிறது என்பது அது. சில ஆண்டுகளில் வேறு ஆய்வகங்கள் இதற்கு நேர்மாறான ஒன்றைக் கண்டன. எலியின் தோலில் முன்பே ஒரு புற்றுத்தூண்டியைத் தடவி வைத்திருந்தால், பிறகு தடவும் மெசெரீன் கட்டிகளை வளர்த்துவிட்டது. அது தீப்பொறி இல்லை. ஏற்கெனவே விழுந்த பொறியை ஊதிவிடும் காற்று. ஒரே மூலக்கூறு ஒரு செல்லை அடக்குகிறது, இன்னொரு செல்லைக் கிளப்பிவிடுகிறது. செடி நல்லதா கெட்டதா என்று கேட்கிறவர்களிடம் நான் இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்தே சொல்வேன். மருந்தாக்கும் ஆசையில் யாரும் வீட்டில் இதைத் தொட்டுப் பார்க்கக் கூடாது என்பதற்கும் இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

பழைய வைத்தியர்கள் தொட்டிருக்கிறார்கள். மெசெரியம் பட்டையை வினிகரில் ஊறவைத்துத் தோலில் கட்டி, வேண்டுமென்றே கொப்புளம் எழுப்புவது ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டு வரை மருத்துவமாக இருந்தது. பிரிட்டிஷ் மருந்துப் பட்டியலில் அந்தப் பட்டைக்கு இடமும் இருந்தது. சீனத்தில் டாஃப்னி ஜென்க்வா என்ற ஊதாப்பூச் செடி பண்டைய மருந்து நூல்களிலேயே உண்டு. அதை அதிமதுரத்தோடு சேர்க்கவே கூடாது என்பது அங்கே மருந்து படிப்பவர் மனப்பாடம் செய்யும் விதிகளில் ஒன்று.

டாஃப்னேன் சட்டகம் வேறு குடும்பத்துச் செடிகளிலும் தலைகாட்டுகிறது. மொராக்கோவில் வளரும் ஒரு கள்ளியின் பாலில் உள்ள ரெசினிஃபெராடாக்சின் அப்படிப்பட்டது. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் எந்த நரம்பு வாசலைத் திறக்கிறதோ, அதே வாசலை இது ஆயிரம் மடங்குக்கும் மேலான வீரியத்தோடு திறக்கும். மெசெரீன் வேலை செய்யும் வழி வேறு. ஆனாலும் மிளகாயை இங்கே அழைத்து வந்ததற்குக் காரணம் இருக்கிறது. நஞ்சுப் பழம் எதற்கு என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடை மிளகாயிலிருந்துதான் கிடைத்தது.

அமெரிக்காவின் அரிசோனாவில் காட்டு மிளகாய்ப் புதர்களை ஜோஷுவா டியூக்ஸ்பரியும் கேரி நபானும் கவனித்தார்கள். அவர்கள் கட்டுரை 2001-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. பழத்தைத் தின்ன வந்தவை பறவைகள். எலிகள் கிட்டே வரவில்லை. காரமில்லாத மிளகாயை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலியின் பல்லிலும் குடலிலும் அகப்பட்ட விதை ஒன்றும் முளைக்கவில்லை. பறவையின் வயிற்றைக் கடந்த விதை முளைத்தது. பறவைகளின் நரம்பு வாசல் கேப்சைசினுக்குத் திறப்பதே இல்லை என்பதால் அவற்றுக்குக் காரம் தெரியாது. கிளி மிளகாய்ப் பழத்தை ஆசையாகக் கொறிப்பதை நம் ஊரில் பார்க்காதவர் யார்? அரைக்கும் பல் உள்ளவரை விலக்கி, முழுசாக விழுங்கும் அலகு உள்ளவரை வரவேற்கும் ஏற்பாடு அது.

டாஃப்னி பழமும் இதே தர்க்கத்தில் வருகிறது. ஒரு பழத்துக்கு ஒரே விதை. பூங்குருவி வகைப் பறவைகள் அதை அப்படியே விழுங்கி, சதையை மட்டும் செரித்துக்கொண்டு, விதையை வேறு இடத்தில் போடுகின்றன. பறவைக்கு ஒன்றும் ஆவதில்லை. கடித்து மெல்லும் பாலூட்டிக்குத்தான் தண்டனை. நாம் அந்தப் பழத்தால் துன்பப்படுவது, வேறொருவருக்கு எழுதிய கடிதத்தைப் பிரித்ததால்.

எந்தக் காவலுக்கும் ஒரு திருடன் உண்டு. பிரிட்டனில் பச்சை ஃபின்ச் என்ற தானியந்தின்னிக் குருவி டாஃப்னி பழங்களை அவை பச்சையாக இருக்கும்போதே வந்து பறிக்கிறது. தடித்த அலகால் சதையை உரித்து எறிந்துவிட்டு, விதையை உடைத்து உள்ளிருக்கும் பருப்பைத் தின்கிறது. நஞ்சு அதை ஒன்றும் செய்வதில்லை. மாக்ஸ் பெட்டர்சன் என்ற ஆய்வாளர் 1950களில் இந்தப் பழக்கம் எங்கெங்கே இருக்கிறது, எங்கெங்கே இல்லை என்று ஊர் ஊராகத் தகவல் திரட்டினார். டாஃப்னி எல்லா ஊரிலும் இருந்தது, பச்சை ஃபின்ச்சும் இருந்தது; ஆனால் பழக்கம் சில வட்டாரங்களில் மட்டும் இருந்து மெல்ல மெல்லப் பக்கத்துக்குப் பரவிக்கொண்டிருந்தது. ஒன்றைப் பார்த்து இன்னொன்று கற்றுக்கொள்ளும் விஷயம் இது என்று அவர் எழுதினார். ஒரு செடி காலங்காலமாகத் தீட்டிய வேலியை ஒரு குருவி கண்டுபிடித்துத் தாண்ட, அதைப் பார்த்து மற்றொன்றும் தாண்டுகிறது. இந்த அத்தியாயத்துக்காகச் சேர்த்த செய்திகளில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது இந்தக் குருவிதான்.

திருடன் வருவதைச் செடி தாங்கிக்கொள்ளும். அழைத்த விருந்தாளியே வராமல் போனால்?

மத்தியதரைக் கடலில் ஸ்பெயினுக்குச் சொந்தமான மெனோர்கா தீவில் அது நடந்தது. அங்கே மட்டுமே வளரும் ஒரு டாஃப்னி உண்டு. அந்தத் தீவின் தாவரவியலாளர் ரொட்ரீகெஸ் நினைவாக டாஃப்னி ரொட்ரீகெசி என்று பெயர். கடற்காற்றில் குறுகிக் கிடக்கும் சிறு புதர். அதன் பழத்தைத் தின்று விதை பரப்பியது பறவை இல்லை, பல்லி. பாலியாரிக் தீவுகளுக்கே உரிய பொடார்சிஸ் லில்ஃபோர்டி என்ற இனம். தீவுப் பல்லிகள் பூச்சியோடு நிற்பதில்லை. தேன் நக்கும், பழம் விழுங்கும். உணவு அரிதான இடத்தில் கிடைத்ததை உண்ணும் வாழ்க்கை அவற்றுக்கு.

ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன், மனிதர்களோடு கப்பலில் வந்த ஊனுண்ணி விலங்குகள் மெனோர்காவின் பெருநிலத்தில் அந்தப் பல்லியை அடியோடு அழித்துவிட்டன. எதிரியையே பார்த்தறியாத பல்லிக்கு ஓடத் தெரியவில்லை. கரையோரத்துச் சிறு தீவுகளில் மட்டும் அது பிழைத்தது. அப்படிப்பட்ட தீவு ஒன்றில், கொலோம் என்பது அதன் பெயர், டாஃப்னியும் இருக்கிறது, பல்லியும் இருக்கிறது.

அன்னா ட்ராவெசெட்டும் நூரியா ரியேராவும் இரண்டு இடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2005-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெருநிலத்தில் பழங்கள் தாய்ச்செடியின் காலடியிலேயே விழுகின்றன. அங்கேயே கிடந்து போகின்றன. இளங்கன்றுகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. இருப்பவை பெரும்பாலும் முதிர்ந்த செடிகள். கொலோமில் வேறு காட்சி. பல்லி விழுங்கிய விதைகள் தாய்ச்செடியைத் தாண்டிப் போய், மற்றப் புதர்களின் நிழலில் முளைத்து நின்றன. குழந்தை, இளையது, கிழம் என்று எல்லா வயதும் அங்கே இருந்தன. பெருநிலத்தின் புதர்கள் இன்றும் ஆண்டுதோறும் பூக்கின்றன, காய்க்கின்றன. 2000 ஆண்டுகளுக்கு முன் போன விருந்தாளிக்காக இலை போட்டுக் காத்திருக்கின்றன. இதை எழுதும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஓர் இனம் அழிந்தது என்று நாம் எண்ணிக்கையில் ஒன்றைக் கழிக்கிறோம். அதோடு அறுந்த உறவுகளை எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை.

பூவையும் பழத்தையும் பார்த்துவிட்டோம். இனி பட்டை.

டாஃப்னிக் கிளையை ஒடிக்க முயன்றவருக்குத் தெரியும், அது ஒடியாது. வளையும், முறுகும், நார் மட்டும் விடாது. கட்டையும் தோலும் பிரிந்தாலும் தோலின் உள்நார் இழுபட்டுத் தொங்கும். இந்த நாரில்தான் இமயமலைச் சரிவுகளில் ஒரு பெரிய கைத்தொழில் பிறந்தது. நேபாளத்தில் 1600 மீட்டரிலிருந்து 4000 மீட்டர் உயரம் வரை வளரும் டாஃப்னி போலுவா, டாஃப்னி பாப்பிரேசியா என்ற இரண்டு இனங்களையும் அங்கே லோக்தா என்பார்கள். இரண்டாவதன் பெயரில் உள்ள பாப்பிரேசியா என்ற லத்தீன் சொல்லுக்கே 'காகிதம் போன்றது' என்றுதான் பொருள்.

போலுவா என்ற பெயரை உலகுக்குக் கொண்டுவந்தவர் பிரான்சிஸ் புக்கனன். 1800-இல் மதராசிலிருந்து புறப்பட்டு மைசூர், கனரா, மலபார் என்று ஊர் ஊராக நடந்து, யார் என்ன பயிரிடுகிறார்கள், என்ன நெய்கிறார்கள் என்று குறித்த அதே புக்கனன்தான். அந்தப் பயணம் முடிந்து 1802-இல் நேபாளம் போனார். உள்ளூர்ப் பெயரைக் கேட்டு அப்படியே எழுதி வைத்துக்கொண்டார். டேவிட் டான் 1825-இல் நேபாளத் தாவர நூலில் அந்தப் பெயரை அச்சில் ஏற்றினார். உள்ளூர்ச் சொல்லை மாற்றாமல் அறிவியல் பெயரில் காப்பாற்றியதற்காக அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

காத்மாண்டுவில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த பிரையன் ஹாட்சன் 1832-இல் கல்கத்தாவின் ஆசியக் கழக இதழில் காகிதம் செய்யும் முறையை விரிவாக எழுதினார். வெளிப்பட்டையைச் சுரண்டி எறிந்துவிட்டு உள்நாரை எடுக்கிறார்கள். ஓக் மரச் சாம்பலை நீரில் வடித்த காரநீரில் அதை வேகவைக்கிறார்கள். வெந்து குழைந்ததைக் கல்லில் இட்டு மரச் சுத்தியலால் இடிக்கிறார்கள். அந்தக் கூழை நீரில் கரைத்து, தண்ணீரில் மிதக்கும் சட்டத் துணிமேல் ஊற்றி, ஒரே சீராகப் பரவும்படி அசைக்கிறார்கள். சட்டத்தைத் தூக்கினால் நீர் வடிந்துவிடும். ஒரு தாள் அதில் தங்கிவிடும். தோசைக்கல்லில் மாவு வார்ப்பவருக்கு இந்தக் கை அசைவு உடனே புரியும். நெருப்பருகிலோ வெயிலிலோ காயவைத்து உரித்தால் காகிதம். எழுதுவதற்கு வழுவழுப்பாக வேண்டுமென்றால் சங்கால் தேய்த்து மெருகேற்றுவார்கள்.

நீளமான நார் என்பதால் இந்தத் தாளை மடித்து மடித்து விரித்தாலும் கிழியாது. பூச்சி அரிக்காது என்று நேபாளத்தில் நம்பிச் சொல்வார்கள். பட்டையில் இருந்த நஞ்சின் மிச்சம் அதற்கு உதவுவதாகப் பொதுவாக விளக்கம் தருவதுண்டு. ஆனால் பழைய ஏடுகளைக் காத்தது லோக்தா மட்டுமே இல்லை. பல ஏடுகளின்மேல் மஞ்சள் நிற அரிதாரத்தைப் பூசியிருக்கிறார்கள். அது ஆர்சனிக் கலந்த கனிமம். கூத்தில் முகத்துக்குப் பூசுவதை நாம் அரிதாரம் என்பது இந்தக் கனிமத்தின் பெயரால்தான். நஞ்சுச் செடியின் நார்மேல் நஞ்சுக் கல்லின் பூச்சு; அதன்மேல் பௌத்த சூத்திரங்கள். அரசாணைகளும் நிலப் பத்திரங்களும்கூட லோக்தா தாளில் எழுதப்பட்டன.

ஆலைக் காகிதம் வந்தபின் இந்தத் தொழில் நலிந்தது. 1980களில் யுனிசெஃப் அமைப்பின் துணையோடு அது மீண்டது. வாழ்த்து அட்டைகளுக்காக மலைக் கிராமங்களில் மறுபடி கொப்பரைகள் கொதித்தன. லோக்தாவின் உறவான அர்கேலி என்ற புதரின் பட்டையை நேபாளம் இன்று ஜப்பானுக்கு அனுப்புகிறது. ஜப்பானின் பணத்தாள்களில் அந்த நார் இருக்கிறது.

1962-இல் டாம் ஸ்பிரிங்-ஸ்மித் என்ற ராணுவ மேஜர் கிழக்கு நேபாளத்தில் 3000 மீட்டருக்கு மேலிருந்து ஒரு போலுவாச் செடியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். 'கூர்க்கா' என்ற அந்தச் செடியின் விதையிலிருந்து ஹில்லியர் நாற்றங்காலில் ஆலன் போஸ்டில் வளர்த்த ஒரு கன்று தாயைவிட அதிகம் மணத்தது. 1982-இல் அதற்குத் தன் மனைவி ஜாக்குலினின் பெயரை வைத்தார். ஜனவரி பனியில் இங்கிலாந்துத் தோட்டங்கள் இன்று மணப்பது அந்தச் செடியால்.

நேபாளச் சரிவில் பட்டை எடுக்கப் போகிறவர் செடியை வேரோடு பிடுங்குவதில்லை. தரைக்குச் சற்று மேலே அரிவாளால் வெட்டிவிட்டு, அடிக்கட்டையை விட்டுவிடுவார். அதிலிருந்து புதுத்தளிர் வரும். திரும்ப வெட்டும் அளவுக்கு வளர 5 முதல் 8 ஆண்டு ஆகும். அதுவரை அந்தப் பக்கம் போகாமல் வேறு சரிவுக்குப் போவார். வெட்டுவது பெரும்பாலும் குளிர்காலத்தில்தான், வயலில் வேலை இல்லாத நாட்களில். போலுவா பூக்கும் காலமும் அதுதான். பூவோடு இருக்கும் கிளையை வெட்டிச் சாய்த்து, அங்கேயே உட்கார்ந்து தோலை உரித்து, கட்டாகக் கட்டி முதுகில் ஏற்றிக்கொண்டு அவர் இறங்குகிறார். உரித்த கட்டைகளும் உதிர்ந்த பூக்களும் சரிவில் கிடக்கின்றன.